சிண்டு எங்கே?

முதல் வாரம் அப்பாவை நாற்காலியில் உட்காரவைத்துத்தான் படமெடுத்தேன். சட்டையில் மைக், முதுகுக்குப் பின்னால் வெள்ளையடித்த சுவர், பக்கவாட்டில் சன்னல் வெளிச்சம். பதினோரு வருஷமாக அடுத்தவர்களின் ஆவணப்படங்களை வெட்டி ஒட்டிப் பிழைப்பவள் நான். இப்படித்தான் எடுப்பார்கள் என்று கை பழகியிருந்தது. யாருகிட்ட கத்துக்கிட்டீங்க, முதல் சாவு வீடு ஞாபகம் இருக்கா, அடிக்கும்போது மனசுல என்ன ஓடும்?

“அதுல என்ன தாயி இருக்கு சொல்றதுக்கு? கூப்பிட்டாக, போனோம், அடிச்சோம்.”

நாலு மணி நேரப் பதிவின் சாரம் அவ்வளவுதான். நாற்பது வருஷம் மதுரைப் பக்கத்து ஊர்களில் பறையடித்த மனிதர்.

அந்த இரவு ‘தி பேலட் ஆஃப் ராம்ப்ளிங் ஜாக்’ படத்தை மறுபடி பார்த்தேன். அமெரிக்க நாட்டுப்புறப் பாடகர் ஜாக் எலியட்டைப் பற்றி அவர் மகள் ஐயானா 2000-இல் எடுத்தது. அந்த வருஷமே சன்டான்ஸ் விழாவில் நடுவர் குழுவின் சிறப்புப் பரிசு வாங்கியது. புரூக்ளினில் ஒரு டாக்டருக்குப் பிறந்த ஜாக், பதினைந்து வயதில் ரோடியோக் கூட்டத்தோடு ஓடிப்போய், பிறகு வுடி கத்ரியிடம் போய் ஒட்டிக்கொண்டு அவர் பாட்டையெல்லாம் கைப்பற்றிக்கொண்டவர். நரம்பு நோய் வுடியை முடக்கிப்போட்டதால், சொந்த மகன் ஆர்லோவே அப்பாவின் பாட்டை ஜாக்கிடமிருந்துதான் கற்றார். பாப் டிலனையோ ‘என் மகன்’ என்று ஜாக் மேடையில் சொல்வதுண்டு. ஊரான் பிள்ளைகளுக்கெல்லாம் அப்பனாக இருந்தவரிடம் பெற்ற மகள் கேமராவோடு போய் நிற்கிறாள். உட்கார்ந்து பேசலாம் என்கிறாள். அவர் கதை கதையாகச் சொல்லி நழுவுகிறார். அந்தப் பட்டப்பெயர்கூட ஊர் சுற்றியதற்காக வந்ததில்லை, எங்கோ தொடங்கி எங்கோ போய் முடியும் பேச்சுக்காக வந்தது என்பார்கள். அவர் பேசித் தப்பித்தார், என் அப்பா பேசாமலே தப்பித்தார். ஐயானா அந்த நழுவலை வெட்டி எறியவில்லை. அதையே படமாக்கினார்.

மறுநாள் நாற்காலியைத் தூக்கிவிட்டேன். அவர் பறையடிப்பதையே எடுத்தேன்.

பறையை எடுப்பதற்கு முன் தீ மூட்ட வேண்டும். வேப்பமரச் சட்டத்தில் புளியங்கொட்டைப் பசை போட்டு ஒட்டிய தோல், காற்றில் ஈரம் இருந்தால் தொய்ந்துபோகும். வைக்கோலைக் கொளுத்தி, தீக்கு மேலே பறையைத் திருப்பித் திருப்பிக் காட்டினால் விறைக்கும். விரலால் சுண்டிப் பார்ப்பார், மறுபடி காட்டுவார். அடிக்க அடிக்கத் தோல் இறங்கும், மறுபடி தீ. எடிட்டிங் மேசையில் இது பெரிய வம்பு. ஒரே ஒத்தையடித் தாளத்தைக் காலையில் ஒருமுறை, அரை மணி கழித்து ஒருமுறை பதிவுசெய்து, முதலாவதின் தொடக்கத்தையும் இரண்டாவதின் முடிவையும் ஒட்டப்போனால் ஒட்டாது. சுருதி இறங்கியிருக்கும். படம் பொருந்தும், காது ‘ஏய்’ என்று கேட்கும். வேறு கருவிகளில் கணினியை வைத்துச் சரிக்கட்டிய வேலைதான். இங்கே சரிக்கட்டினால் தகர டப்பா சத்தம் வந்தது. கடைசியில் இடையில் தீ மூட்டும் நேரத்தையும் படத்திலேயே விட்டேன். ‘லேக் அடிக்குது’ என்றார் நண்பர் ஒருவர். அடிக்கட்டும்.

அப்படி அவர் தீயில் காட்டிக்கொண்டிருந்தபோதுதான் அந்தப் பேச்சு என் வாயிலிருந்து வந்தது. எழுதிவைத்திருந்த கேள்விகளில் அது இல்லை. பத்தாம் வகுப்பில் ஒரு படிவம் கொடுத்தார்கள். ‘தந்தையின் தொழில்’ என்ற இடத்தில் ‘விவசாயக் கூலி’ என்று எழுதினேன். பொய்யில்லை, வேலையில்லாத நாளில் களையெடுக்கவும் கதிரறுக்கவும் போவார். ஆனால் பறை என்று எழுத என் பேனாவுக்குக் கூச்சம். எழுதினால் மற்ற பிள்ளைகள் என்ன தெருவென்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

“அந்த ஃபாரத்துல நான் உங்க தொழில மாத்தி எழுதினேம்ப்பா.”

“தெரியும் தாயி. நாந்தான கையெழுத்துப் போட்டேன்.”

பறை ஒரு சுற்று திரும்பியது. இன்னொரு சுற்று. பிரேமில் அவர் கையும் தீயும் மட்டும்தான். மைக் அவர் பக்கம் இருந்ததால் என் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருக்கிறது. கேட்பவர் குரலை வெட்டிவிட்டுப் பதிலை மட்டும் வைப்பது என் தொழிலின் பாலபாடம். வெட்டிப் பார்த்தேன். நான் சொன்னது போனால் அந்தப் பதில் யாரோ எதற்கோ சொன்னதாகிவிடுகிறது. திரும்ப ஒட்டினேன்.

2025-இல் பறையிசைக் கலைஞர் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவித்தபோது டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தார் அப்பா. ஒன்றும் சொல்லவில்லை. அன்று மட்டும் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு டீக்கடைக்குப் போனார்.

படம் ஓரளவு சேர்ந்ததும் ஹெட்போனை அவர் காதில் மாட்டினேன். அரை நிமிஷம் கேட்டார். முகம் சுருங்கியது.

“சிண்டு எங்க?”

புரியவில்லை.

“வலது கையிதான் கேக்குது. இடது கை எங்க போச்சு?”

பறைக்கு இரண்டு குச்சி. வலக்கையில் குட்டையான அடிக்குச்சி. பறையைத் தாங்கும் இடக்கையில் நீண்டு மெலிந்த சிண்டுக்குச்சி. அடிக்குச்சி பேசினால் சிண்டு குறுக்கே முணுமுணுக்கும். முதல் நாள் சத்தம் எகிறிக் கிழிந்ததால், ரெக்கார்டரைத் தானியங்கி அளவில் போட்டிருந்தேன். அது அடிக்குச்சி விழும்போதெல்லாம் மொத்தத்தையும் அமுக்கிவிட்டு, மெதுவாகத்தான் மேலே விடும். அதற்குள் சிண்டு வந்துவிட்டுப் போயிருக்கும். எத்தனையோ முறை ஓட்டிக் கேட்டும் என் காதுக்கு அது தட்டுப்படவில்லை. அவருக்கு அரை நிமிஷம்.

மறுபடி பதிவுசெய்யப் போனோம். தானியங்கியை அணைத்து, உச்சச் சத்தம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாதபடி கையாலேயே அளவு வைத்தேன். முன்னால் இருந்த மைக்கைச் சில அடி பின்னுக்குத் தள்ளி, இன்னொன்றை அவர் இடப்பக்கம் தாழ்வாக நிறுத்தினேன். அதை எங்கே நிறுத்துவது என்று காட்டியவர் அவர்தான். “இன்னும் கொஞ்சம் கீழ. ம், அங்கன.” நாற்காலியில் வைத்து நாலு மணி நேரம் பேசியதைவிட அந்த அரை மணியில் அதிகம் பேசினார். எல்லாம் குச்சியைப் பற்றியே.

அடித்து முடித்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, ஹெட்போனைத் தானே எடுத்து மாட்டினார். தொடையில் இடக்கை விரல் ஆடியது.

“இப்ப ரெண்டும் இருக்கு. பின்னாடி ஒரு சேவல் கூவுது பாரு, அதையும் வெட்டிப்புடாத.”

படத்தில் அந்தச் சேவல் இருக்கிறது.