வரைவும் வனைவும்

அடையாறு கடலொடு கலக்கும் இடத்தை அடுத்து ஊரூர்க் குப்பம் என்னும் மீனவர் ஊர் உள்ளது. முன்னாளில் அதன் மணற்பரப்பில் கட்டுமரங்கள் கிடந்தன. 2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின்னர், மீனவர் 'பைபர் படகு' என்று அழைக்கும் படகுகளே சென்னைக் கரையெங்கும் மிகுந்தன. இப்படகைச் செய்வோர் கண்ணாடி இழைப் பாயை அச்சின்மேல் விரிப்பர்; பிசினால் நனைப்பர்; சிற்றுருளையை ஓட்டி உள்ளே தங்கிய காற்றுக் குமிழ்களை நீக்குவர். இவ்வாறு அடுக்கடுக்காக இறுகியதே படகின் உடல்.

இழை இழுவிசையைத் தாங்கும். ஆயினும் தானாக நிமிர்ந்து நில்லாது. பிசின் உருவத்தைக் காக்கும். ஆயினும் எளிதில் உடையும். இரண்டும் கூடியவழித் தனித்தனியே இல்லாத வலிமை பிறக்கிறது. மண்சுவர் எழுப்புவோர் குழைத்த மண்ணில் வைக்கோலைச் சேர்ப்பதும் இக்கருத்துப் பற்றியே. இத்தகையவற்றைக் கூட்டுப்பொருள் என்பர்.

கூட்டுப்பொருளின் வலிமை இழை செல்லும் திசையைப் பொறுத்தது. வானூர்தியின் இறக்கையில் இடத்துக்கு இடம் விசை வேறுபடும். எத்தனை அடுக்கு இடுவது, எவ்வடுக்கில் இழையை எக்கோணத்தில் வைப்பது என்பனவற்றைக் கையால் கணக்கிட நெடுநாள் ஆகும். கணிப்பொறியோ எண்ணற்ற அமைப்புகளை ஒப்பிட்டு, எடை குறைந்ததும் வலிமை மிக்கதுமான ஒன்றைக் காட்டுகிறது.

அத்துடன் பணி முடிந்ததா? இல்லை. மயிலாப்பூர் மாடவீதியில் துணி வெட்டும் தையற்காரரை நோக்குக. தட்டையான துணியை வளைந்த தோளுக்குப் பொருந்துமாறு அவர் வெட்டுகிறார். சிறிது தவறினும் சுருக்கம் விழும். வளைந்த அச்சில் விரிக்கும் இழைத்துணிக்கும் இவ்விடர் உண்டு. சட்டையில் விழும் சுருக்கம் அழகைக் கெடுக்கும். இறக்கையில் விழும் சுருக்கமோ வலிமையைக் கெடுக்கும். வானோட்டியின் உயிர் அவ்வலிமையை நம்பியன்றோ இருக்கிறது! மேலும், அடுக்குகளின் கோணங்கள் நடுவிலிருந்து இருபுறமும் ஒத்து அமையாவிடின், சூட்டில் இறுகிய தகடு ஆறும்போது முறுக்கிக்கொள்ளும். ஆதலால், செய்தற்கு இயலுமா என்பதையும் கணக்கினுள் சேர்த்தே வரைதல் வேண்டும்.

2001-ஆம் ஆண்டு ஜனவரி 4-ஆம் நாள் பெங்களூரில் முதன்முதல் பறந்த தேஜஸ் போர்வானூர்தி இதற்குச் சான்று. அதன் கட்டமைப்பின் எடையில் ஏறத்தாழ 45 விழுக்காடு கூட்டுப்பொருளே. அடுக்குகளை வகுப்பதற்கென்றே 'ஆட்டோலே' என்னும் மென்பொருளை நம் நாட்டு வல்லுநர்கள் இயற்றினர். தேசிய வான்வெளி ஆய்வகத்தாரோ, உறுப்புகளைத் தனித்தனியே செய்து ஆணிகளால் பிணைப்பதற்கு மாறாக, பலவற்றை ஒருங்கே சூடேற்றி ஓருடலாக இறுகச் செய்யும் முறையைக் கைக்கொண்டனர். ஆணிகள் குறைந்தன, எடையும் குறைந்தது.

இவ்வறிவு வானத்தோடு நின்றுவிடவில்லை. சென்னையை அடுத்த குரோம்பேட்டையில் வானூர்திப் பொறியியல் பயின்றவர் அப்துல் கலாம். ஏவுகணைக்கெனக் கண்ட கூட்டுப்பொருளைக் கொண்டு, போலியோவால் கால் நலிந்த சிறுவர்க்குக் காலில் பூட்டும் தாங்கிகளை அவர் ஐதராபாத்தில் செய்வித்தார். ஏறத்தாழ 3 கிலோ எடையிருந்த உலோகத் தாங்கிக்கு மாற்றாக 300 கிராம் அளவே உள்ள தாங்கி கிடைத்தது. காலை இழுத்து நடந்த சிறுவர் எளிதாக நடந்தனர்.

வரைவு அறிவின் தொழில். வனைவு கையின் தொழில். ஒன்றையொன்று அறியாதவழி இரண்டும் வீணாகும். கணிப்பொறியின்முன் அமர விழையும் மாணவர், ஒருமுறையேனும் படகு செய்வாரின் அருகே நின்று, அவர் உருளையை ஓட்டிக் குமிழ் நீக்கும் பொறுமையைக் கண்டு வருதல் நன்று.