வாசனையில்லாத வாயு

ஒக்கலிபுரத்தில் யார் வீட்டில் கேஸ் கசிந்தாலும் தெருவுக்கே தெரிந்துவிடும். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். "யார் வீட்டிலே நாத்தம்? சிலிண்டரைப் பாருங்கம்மா" என்று எதிர்வீட்டுப் பாட்டி குரல் கொடுப்பார். சமையல் கேஸுக்கு இயல்பாக வாசனை கிடையாது. கசிவு தெரியட்டும் என்று மெர்காப்டன் என்ற நாற்றப் பொருளைக் கலந்து அனுப்புகிறார்கள்.

ஆராய்ச்சிக்கூடத்து ஹைட்ரஜனில் அப்படி எதுவும் கலப்பதில்லை. கலந்தால் பரிசோதனை கெட்டுவிடும். நிறமில்லை, மணமில்லை. எரிந்தாலும் பகல் வெளிச்சத்தில் ஜுவாலை எளிதில் தெரியாது. சமையல் கேஸ் காற்றில் சுமார் 2 முதல் 9 சதவீதம் கலந்திருந்தால்தான் பற்றும். ஹைட்ரஜனுக்கு 4 முதல் 75 சதவீதம் வரை எதுவும் சம்மதம். சட்டையில் உண்டாகும் சிறு மின்பொறியே போதும்.

2018 டிசம்பர் 5 அன்று பிற்பகல், இந்திய அறிவியல் கழகத்தின் ஹைப்பர்சானிக் மற்றும் அதிர்வலை ஆய்வுக்கூடத்தில் வெடிவிபத்து நடந்தது. 32 வயது ஆராய்ச்சியாளர் அங்கேயே இறந்தார். மூவர் படுகாயமடைந்தனர். ஹைட்ரஜன் சிலிண்டர் வெடித்திருக்க வேண்டும் என்பது போலீசின் முதல் கணிப்பு. நால்வரும் கழகத்தோடு தொடர்புள்ள ஒரு சிறு நிறுவனத்தின் ஊழியர்கள்.

அப்போது நான் இதே நகரில் வேறொரு கல்வி நிறுவனத்தின் வேதியியல் கூடத்தில் இருந்தேன். எங்கள் மூலையிலும் அதே சிவப்பு சிலிண்டர். உள்ளே காற்றழுத்தத்தைப் போல சுமார் 150 மடங்கு அழுத்தம். கீழே விழுந்து வால்வு உடைந்தால் ராக்கெட்தான். சுவரோடு பிணைக்கச் சங்கிலி வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். பல லட்ச ரூபாய்க் கருவிக்கு ஒரே கையெழுத்தில் அனுமதி தந்த அலுவலகம், "சங்கிலியை எந்தத் தலைப்பில் செலவு எழுதுவது?" என்று கோப்பைத் திருப்பி அனுப்பியது. கடைசியில் ஸ்ரீராமபுரத்து ஹார்டுவேர் கடையில் நானே வாங்கிப் பூட்டினேன். (அந்தப் பில் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.)

ஆராய்ச்சி மாணவன் தொழிலாளியல்ல, சங்கமில்லை. வாங்குவது சம்பளமல்ல, உதவித்தொகை. பட்டத்துக்கான கையெழுத்து வழிகாட்டியின் கையில். "சார், இது ஆபத்து" என்று சொல்ல எத்தனை பேருக்கு வாய் வரும்? வளாகத்திற்குள் இடம் பிடித்திருக்கும் நிறுவனங்களின் ஊழியர் நிலை இன்னும் திரிசங்கு. சோறு ஒருவருடையது, கூரை வேறொருவருடையது.

அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலிஸ் பல்கலைக்கழகக் கூடத்தில் 2008 டிசம்பரில் தீப்பிடித்து, 23 வயது உதவியாளர் மறுமாதம் இறந்தார். காற்றுப் பட்டாலே பற்றும் ரசாயனம். அவர் மேல் பாதுகாப்பு அங்கி இல்லை. 2011-ல் பேராசிரியர் மீதும் நிர்வாகத்தின் மீதும் குற்ற வழக்கே போடப்பட்டது. வழக்கு சமரசத்தில் முடிந்தாலும், அந்த விபத்து எப்படி நேர்ந்தது என்பதை உலகெங்கும் வேதியியல் மாணவர்கள் படிக்கிறார்கள். நானும் அப்படித்தான் படித்தேன். என் வீட்டிலிருந்து சில கிலோமீட்டரில் நடந்த விபத்தைப் பற்றியோ பத்திரிகைச் செய்தியைத் தவிர எங்கள் கூடத்துக்கு ஒரு காகிதமும் வந்து சேரவில்லை.