பிடியரிசி

எனக்குப் பதினோரு வயது நிறைந்த 1996ஆம் ஆண்டில் நாங்கள் கல்கத்தாவில் வாழ்ந்தோம். இன்று அந்நகரைக் கொல்கத்தா என்கிறோம். என் தந்தையார் இரயில்வே அலுவலகத்தில் எழுத்தராகப் பணியாற்றினார். திருநெல்வேலியிலிருந்து புறப்பட்ட எங்கள் குடும்பம் நான்கு ஆண்டுகளுக்குள் நாக்பூர், கரக்பூர், கல்கத்தா என மூன்று ஊர்களைக் கண்டுவிட்டது. ஒவ்வோர் ஊரிலும் புதிய பள்ளி, புதிய பாடநூல், புதிய மொழி. மூன்றாம் முறை பெட்டி கட்டியபோது அம்மா ஒரு முடிவுக்கு வந்தார். “இனி வீடுதான் பள்ளி” என்றார்.

அம்மா திருமணத்திற்குமுன் ஆசிரியராக இருந்தவர். நடுவண் அரசு 1989இல் தொடங்கிய தேசியத் திறந்தநிலைப் பள்ளியின் வழியாக, உரிய வயது வந்தபின் நானும் தம்பியும் பத்தாம் வகுப்புக்கு இணையான தேர்வை எழுதலாம் என்று அப்பா விசாரித்து வந்தார். ஆயினும் ஊரிலிருந்த தாத்தாவுக்கு மனம் ஒப்பவில்லை. “நான்கு சுவர்களுக்குள் படிக்கும் பிள்ளைகள் நாலு பேரோடு பழகுவது எப்போது?” என்று கடிதம் எழுதினார். அம்மா உடனே மறுமொழி எழுதவில்லை. கடிதத்தை மடித்து வேதாகமத்துக்குள் வைத்துக்கொண்டார். ஆனால் மறுநாள் எங்கள் கால அட்டவணையில் ஒரு மாற்றம் வந்தது. சனிக்கிழமைகளில் பாடம் இல்லை. அந்த நாள் அக்கம்பக்கத்தாருக்கு உரியது.

மற்ற நாள்களில் காலை ஆறு மணிக்குக் குடும்ப ஜெபம் நடைபெறும். தமிழ் வேதாகமத்தில் ஆளுக்கொரு வசனமாகச் சுற்றி வாசிப்போம். எனக்குத் தமிழ் எழுத்துகள் பழகியது அப்படித்தான். அப்பா இரயில் கால அட்டவணையைக் கொண்டு இந்தியாவின் நிலப்படத்தைக் கற்பித்தார். கணக்குப் பாடத்திற்கோ அரிசிப் பானை உதவியது.

எங்கள் ஊர்க் கிறித்தவக் குடும்பங்களில் பிடியரிசி என்று ஒரு வழக்கம் உண்டு. உலையில் இடுவதற்குமுன் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் இட்டுவிடுவார்கள். மாத இறுதியில் அது சபைக்கோ இல்லாதவர்க்கோ செல்லும். வறுமையான வீட்டிலும் இவ்வழக்கம் நின்றதில்லை என்று அம்மா கூறுவார். ஒரு பிடி ஏறத்தாழ 50 கிராம்; இரண்டு வேளைக்கு இரண்டு பிடி; 30 நாளில் 3 கிலோ. இக்கணக்கை நானே நிறுத்துப் பார்த்துக் கண்டறிந்தேன். அந்த அரிசியில் கல் பொறுக்குவது தம்பிக்கும் எனக்கும் உரிய வேலை. எங்கள் வீட்டு அரிசியில் ஒரு கல் தப்பினால் அம்மா சிரித்துவிடுவார். பிடியரிசியில் தப்பினால் சிரிக்கமாட்டார்.

எதிர்வீட்டில் ஒரு வங்காளப் பாட்டியார் இருந்தார். வங்காளிகள் தந்தைவழிப் பாட்டியைத் தாக்குமா என்று அழைப்பார்கள். நாங்களும் அவரை அப்படியே அழைத்தோம். அவரோ என்னை ‘மா’ என்பார். சிறுமியரையும் அவ்வாறு அன்போடு அழைப்பது அங்கே வழக்கம். நம் பாட்டிமார் பேத்தியை ‘அம்மா’ என்பதைப் போன்றது. பிற்பகல்தோறும் தாக்குமா தம் திண்ணையில் என்னை அமர்த்தி வங்காள எழுத்துகளைக் கற்றுக்கொடுத்தார். கட்டணமாக எதையும் பெறவில்லை.

அவருடைய ஐந்து வயதுப் பேரனுக்கு இதயத்தில் பிறவிக் குறை இருந்தது. மாடிப்படியில் மூன்று படி ஏறினால் நின்று மூச்சு வாங்குவான். வேலூர் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதென்று அவ்வாண்டு மே மாதத்தில் முடிவு செய்தார்கள். மகனுக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. தாக்குமாவும் சிறுவனின் தாயும் செல்லவிருந்தனர். இருவருக்கும் தமிழில் ஒரு சொல்லும் தெரியாது.

அன்று மாலை அம்மா அந்த மருத்துவமனையின் வரலாற்றை எங்களுக்குக் கூறினார். ஐடா ஸ்கடர் என்னும் அமெரிக்கப் பெண் இளம்வயதில் திண்டிவனத்தில் தம் பெற்றோருடன் தங்கியிருந்தார். ஒரே இரவில் மூன்று ஆண்கள் தனித்தனியே வந்து, பேறுகால வேதனையில் இருக்கும் தத்தம் மனைவியருக்கு உதவுமாறு அவரை அழைத்தனர். அவர் மருத்துவம் படித்தவரல்லர். மருத்துவராகிய அவர் தந்தையை அனுமதிக்க அவர்களின் வழக்கம் இடந்தரவில்லை. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தனர். ஐடா அமெரிக்கா சென்று மருத்துவம் பயின்று திரும்பினார். 1900ஆம் ஆண்டில் வேலூரில் ஒரே ஒரு படுக்கையுடன் அவர் தொடங்கிய மருத்துவமனைதான் இன்று நாடெங்கிலுமிருந்து மக்கள் நாடிச் செல்லும் இடமாக வளர்ந்திருக்கிறது. 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் அவர் அங்கே நிறுவினார்.

“அவருக்குக் கிடைத்த கல்வி யாருக்குப் பயன்பட்டது, பார்த்தாயா? உனக்குத் தமிழும் தெரியும், வங்காள எழுத்தும் தெரியும். இந்தத் தெருவில் வேறு யாருக்கு இவ்விரண்டும் தெரியும்?” என்று அம்மா கேட்டார்.

அவ்வாறு பிறந்ததுதான் என் குறிப்பேடு. ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று பத்திகள். முதலில் வங்காளச் சொல். அடுத்து அதற்குரிய தமிழ்ச் சொல் வங்காள எழுத்தில். மூன்றாவதாக அதே சொல் தமிழ் எழுத்தில். தண்ணீர், பால், மருந்து, வலி, காய்ச்சல், எவ்வளவு, எங்கே என அறுபது சொற்கள். முதல் நாற்பது சொற்களைப் பெருமிதத்தோடு எழுதினேன். எஞ்சிய இருபது சொற்களை எழுதிய சனிக்கிழமை மாலையில் தம்பி கீழே பந்து விளையாடிக்கொண்டிருந்தான். என் கை ஏட்டிலும் கண் சன்னலிலும் இருந்தன. “சரிபார்த்துவிட்டாயா?” என்று அம்மா கேட்டார். “பார்த்துவிட்டேன்” என்று சொல்லிவிட்டு ஓடினேன். நான் பார்க்கவில்லை.

ஐந்து வாரங்கள் கழித்துத் தாக்குமா திரும்பினார். சிறுவனுக்கு அறுவை மருத்துவம் நல்லபடியாக முடிந்திருந்தது. கூடத்தில் அனைவரும் சூழ்ந்திருக்க, அவர் பயணக் கதையைக் கூறினார். காட்பாடியில் இறங்கி வேலூரை அடைந்த முதல் நாள் நண்பகலில், தங்கும் விடுதிக்கு ஒரு கடைக்காரரிடம் வழி கேட்டிருக்கிறார். அவர் “இடது பக்கம்” என்றாராம். தாக்குமா குறிப்பேட்டைப் பார்த்துத் திரும்பி நடந்தார். விடுதி வரவேயில்லை. வெயிலில் நெடுந்தொலைவு நடந்தபின் குழந்தையின் உதடுகள் நீலம் பாய்ந்தன. தெருவோரத்தில் அமர்ந்துவிட்டார்கள். குறிப்பேட்டை மறுபடியும் திறந்து, “தண்ணீர்” என்று அங்கிருந்த பூக்காரப் பெண்ணிடம் கூறினாராம். அப்பெண் தண்ணீர் கொடுத்து, கூடையை அடுத்த கடையில் வைத்துவிட்டு, குழந்தையைத் தாமே தூக்கிக்கொண்டு விடுதிவரை வந்து சேர்த்தாராம்.

“தமிழர்கள் ஒரு பக்கம் சொல்கிறார்கள், சாலை வேறு பக்கம் போகிறது” என்று தாக்குமா சிரித்தார். அனைவரும் சிரித்தனர். நான் மட்டும் குறிப்பேட்டை வாங்கி அந்தப் பக்கத்தைத் திறந்தேன். வலது என்னும் சொல்லுக்கு நேரே இடப்பக்கத்தைக் குறிக்கும் வங்காளச் சொல். இடது என்பதற்கு நேரே வலப்பக்கத்தைக் குறிக்கும் சொல்.

அன்றிரவு எனக்கு உணவு இறங்கவில்லை. அம்மாவிடம் ஏட்டை நீட்டினேன். அவர் கடிந்துகொள்ளவில்லை. நெடுநேரம் அந்தப் பக்கத்தையே பார்த்தார். பிறகு, “பிடியரிசியில் கல்லை விட்டுக் கொடுப்போமா?” என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் காலை தாக்குமாவின் திண்ணைக்குச் சென்று உண்மையைக் கூறினேன். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு மறைந்தது. வெயிலில் குழந்தையைச் சுமந்த அந்த நண்பகல் அவர் கண்முன் வந்திருக்கவேண்டும். “சரிபார்த்துவிட்டேன் என்று அம்மாவிடம் பொய் சொன்னேன்” என்றும் சேர்த்துக் கூறினேன். சற்றுநேரம் அவர் பேசவில்லை. பின்னர் உள்ளே சென்று பேனாவைக் கொண்டுவந்தார்.

“கிழிக்காதே, மா. கோடு போட்டு, மேலே சரியாக எழுது. கீழ்வீட்டார் அடுத்த மாதம் வேலூர் போகிறார்கள். இந்த ஏட்டைக் கேட்டிருக்கிறார்கள்” என்றார்.

அந்த வாரம் எங்கள் தமிழ்ப் பாடம் முழுவதும் அக்குறிப்பேடுதான். நான் ஒவ்வொரு சொல்லாக உரக்க வாசிக்க, அம்மா தமிழையும் தாக்குமா வங்காளத்தையும் சரிபார்த்தனர். ‘வலது’ என்றதும் தம்பி வலக்கையை உயர்த்தவேண்டும். ‘இடது’ என்றதும் இடக்கையை. அவன் விளையாட்டாகவே செய்தான். நான் அவன் கையை ஒவ்வொரு முறையும் உற்றுப் பார்த்தேன். வேறு இரண்டு பிழைகளும் அகப்பட்டன.

கீழ்வீட்டாருக்குப்பின் மூன்றாம் தெருவிலிருந்து ஒருவர் வாங்கிச் சென்றார். அவரிடமிருந்து வேறொருவர். ஓராண்டு கழித்து ஏடு எங்களிடம் திரும்பியபோது அதன் மேலட்டை இல்லை. கடைசிப் பக்கங்களில் நான் எழுதாத சொற்கள் இருந்தன. ‘மோர்’ என்று ஒருவர் சேர்த்திருந்தார். ‘போதும்’ என்று இன்னொருவர். ‘பூக்கார அம்மா’ என்று வேறொரு கையெழுத்து. அனைத்தும் வங்காள எழுத்தில் இருந்தன. தாக்குமாவின் பேரன் அப்போது எங்கள் மாடிப்படிகளை நிற்காமல் ஏறிக்கொண்டிருந்தான்.

தாத்தாவின் கடிதத்திற்கு அம்மா அன்றுதான் மறுமொழி எழுதினார். எழுதி முடித்ததும் அந்தக் குறிப்பேட்டையும் உறைக்குள் வைத்தார், கோடிட்டுத் திருத்திய பக்கத்தோடு.