ஒரு எண்ணுக்குள்ள யாரு இருக்கா?

இன்னைக்கு எம்.ஏ. பிள்ளைங்க கட்டுரை திருத்திக்கிட்டிருந்தேன்.
ஒரே தலைப்பு. ரெண்டு பேரு.

தமிழ்நாட்டு எழுத்தறிவு 80.33 சதவீதம்னு ஒருத்தி.
80.09னு இன்னொருத்தன்.
ரெண்டுக்கும் கீழ ஒரே ஆதாரம்: 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு.

ரெண்டும் அரசு வெளியிட்டதுதான்.
முதல் எண் 2011லயே வந்த தற்காலிகக் கணக்கு.
அடுத்தது 2013ல வந்த இறுதிக் கணக்கு.
எதை எடுத்தோம்னு கட்டுரையில சொல்லணும், அவ்வளவுதான்.

ரெண்டு பேரையும் பக்கத்துல உட்கார வச்சு அட்டவணையைத் திறந்தேன்.
7 வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைங்க இந்தக் கணக்குலயே வரமாட்டாங்க.
ஏதாவது ஒரு மொழியில புரிஞ்சு படிக்கவும் எழுதவும் தெரியணும், அதுதான் எழுத்தறிவு.

அந்தப் பொண்ணு விரல் அடுத்த கட்டத்துக்குப் போச்சு.
ஆண்கள் 86.77.
பெண்கள் 73.44.

கொஞ்ச நேரம் பேசல.
"எங்க அம்மாச்சி இந்த மீதியில இருக்காங்க மேடம்"னா.

எனக்குத் தொண்டை அடைச்சிருச்சு.
இனி அவ எந்த எண்ணையும் சும்மா எடுத்து ஒட்டமாட்டா.

எண்ணைத் தேடச் சொல்லித் தர்றோம்.
அதுக்குள்ள இருக்கிற ஆளைத் தேட எப்பச் சொல்லித் தரப் போறோம்?