கழுகுமலையும் கூந்தன்குளமும்

நெல்லைச் சீமையைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் ஒரே நாளில் ஒன்பது இடம் என்று வேன் பேசிக்கொண்டு வருகிறார்கள். இசைத்தூண், அருவி, அணைக்கட்டு என்று எல்லா இடத்திலும் இறங்கி ஏறுவதற்குள் பொழுது சாய்ந்துவிடுகிறது. எனக்கு அது மனசு கேட்பதில்லை. கழுகுமலைக்கே ஒரு பகல் வேண்டும்.

அங்கே எல்லோரும் முருகனைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவார்கள். மலைமேல் வெட்டுவான் கோயில் இருக்கிறது. 8-ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் வேலை. பாறையைச் சுற்றிலும் வெட்டி எடுத்துவிட்டு, நடுவில் நின்ற கல்லை உச்சியிலிருந்து கீழ்நோக்கிச் செதுக்கிக்கொண்டே வந்திருக்கிறார்கள். விமானத்தில் தட்சிணாமூர்த்தி மத்தளம் வாசிக்கிறார். அந்த விரல்களின் குழைவைப் பார்க்கக் கண் இரண்டு போதாது. கீழே இறங்க இறங்க வேலை நின்றுபோயிருக்கிறது. காலை வெயில் சாய்வாக விழும்போது உளி கொத்திய தடம் வரிவரியாகத் தெரியும். முழுதாக முடித்த கோயில் எதுவும் இவ்வளவு பேசாது. கல் எப்படிக் கோயிலாகிறது என்பதை இங்கே கண்ணாலேயே படிக்கலாம். பக்கத்துப் பாறையில் சமணத் தீர்த்தங்கரர்கள் வரிசையாக அமர்ந்திருக்கிறார்கள். செய்வித்தவர்களின் பெயர் அடியில் வட்டெழுத்தில் இருக்கிறது. அவர்களில் குரத்தியர் என்னும் பெண் துறவிகளும் உண்டு.

மேற்கே பொதிகை அடிவாரம், களக்காடு முண்டந்துறை. 1988-இல் புலிகள் காப்பகமானது. புலி கண்ணில் படவில்லையே என்று வருத்தப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: அந்தக் காடு பிடித்து வைக்கும் மழைதான் மணிமுத்தாற்றில் இறங்கி, அணையில் தேங்கி, கால்வாய் வழியாக நாங்குநேரிப் பக்கம் கூந்தன்குளத்தை நிரப்புகிறது. குளம் பெருகினால்தான் கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் வந்து குஞ்சு பொரிக்கும். புலிக்காட்டைப் பார்த்தவர்கள் இந்தக் குளத்தையும் பார்த்தால்தான் கணக்குச் சரியாகும்.

கூந்தன்குளத்தில் பறவைகள் குளத்து மரங்களோடு நிற்பதில்லை. வீட்டு முற்றத்து வேம்பிலும் கூடு கட்டுகின்றன. எச்சமும் மீன் கவிச்சியும் வாசல்வரை வரும். ஊர்க்காரர்கள் முகம் சுளிப்பதில்லை. எச்சம் ஊறிய குளத்து வண்டல் அவர்கள் வயலுக்கு உரம். குஞ்சு மிரளக்கூடாதென்று தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. பிள்ளைகளின் ஆசையை அடக்கி ஓர் ஊரே இதைக் கடைப்பிடிப்பது லேசான காரியமா?

அதனால் அங்கே போகிறவர்கள் வண்டியை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டு, பாட்டை அணைத்துவிட்டு, நடந்தே போங்கள். கூடுகள் தலைக்கு மேலேதான் இருக்கின்றன.