எடை மெஷின் சீட்டைக்கூட விடாத மனிதர்... புனேயில் ஒரு சினிமா பொக்கிஷ அறை!

தமிழின் முதல் பேசும்படம் எது என்று க்விஸ்ஸில் கேட்டால், '1931-ல் வந்த காளிதாஸ்' என்று பட்டென்று சொல்லிவிடுவோம். ஆனால், அதை இன்று யாராலும் பார்க்க முடியாது. ஒரு பிரதிகூட மிச்சமில்லை. அதற்கும் முன்பு நடராஜ முதலியார் சென்னையில் எடுத்த 'கீசகவதம்' மௌனப்படத்தின் கதையும் இதுதான்.

இப்படித் தொலைந்துபோகாமல் தப்பித்த இந்தியப் படங்களுக்கு ஒரு வீடு உண்டு. புனே லா காலேஜ் ரோட்டில் இருக்கும் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம். 1964-ல் மத்திய அரசு தொடங்கியது. பழைய பிரபாத் ஸ்டூடியோவில் இயங்கும் திரைப்படக் கல்லூரியும் இதே பகுதியில்தான். வளாகத்தில் இருக்கும் ஜெயகர் பங்களா, புனே பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரான எம்.ஆர்.ஜெயகரின் வீடு.

ஃபிலிம் மட்டுமல்ல!

இங்கே படச்சுருள்களோடு சினிமா புத்தகங்கள், பத்திரிகைகள், திரைக்கதைகள், சென்சார் ஆவணங்கள், போஸ்டர்கள், ஸ்டில்கள் எல்லாம் இருக்கின்றன. நம் தாத்தா, பாட்டி தியேட்டர் வாசலில் வாங்கிய பாட்டுப் புத்தகங்களும் உண்டு. 'இதெல்லாம் எதற்கு?' என்று நினைக்க வேண்டாம். படமே அழிந்துபோனால், அதன் கதைச் சுருக்கம், நடிகர் பட்டியல், பாடல்கள் எல்லாவற்றுக்கும் அந்தச் சின்னப் புத்தகம்தான் சாட்சி.

இத்தனையையும் சேர்த்ததில் பெரும்பங்கு பி.கே.நாயருக்கு. 1933-ல் திருவனந்தபுரத்தில் பிறந்தவர். சினிமா டிக்கெட்டுகளோடு, நடிகர் படம் போட்டு வரும் எடை மெஷின் சீட்டுகளையும் சிறுவயதிலேயே சேர்த்தவர். 1991-ல் ஓய்வு பெறுவதற்குள் காப்பகத்தில் சேர்த்தது சுமார் 12,000 படங்கள். தாதாசாகேப் பால்கேயின் குடும்பத்தினரைத் தேடிப் போய், அவர் 1919-ல் எடுத்த 'காளிய மர்தனம்' படத்தை மீட்டவரும் இவர்தான். அதில் கிருஷ்ணனாக நடித்தது பால்கேயின் மகள் மந்தாகினி.

வழக்கு காப்பாற்றிய படம்

சுவாரஸ்யமான கதை 'மார்த்தாண்ட வர்மா'வுடையது. நாகர்கோவில்காரரான சுந்தர்ராஜ் தயாரித்து, 1933-ல் வந்த மௌனப்படம். சி.வி.ராமன் பிள்ளையின் நாவலைத் தழுவியது. நாவலின் பதிப்பாளர் காப்புரிமை வழக்குப் போட, படம் முடங்கியது. தயாரிப்பாளருக்குப் பெரும் அடி. ஆனால் படச்சுருள் புத்தகக் கடையிலேயே தங்கிவிட்டது. 1974-ல் அது புனேவுக்கு வந்துசேர்ந்தது. ஓடிய படங்கள் எல்லாம் தேய்ந்து அழிய, ஓடாத படம் பிழைத்துக்கொண்டது!

மற்ற படங்கள் எங்கே போயின? அந்தக் கால நைட்ரேட் ஃபிலிம் சட்டென்று தீப்பிடிக்கும். அதில் வெள்ளி இருந்ததால், பழைய சுருள்களை உருக்கி வெள்ளி எடுக்கவும் விற்றார்கள். பின்னால் வந்த அசிடேட் ஃபிலிமோ, சூடும் ஈரமும் பட்டால் வினிகர் வாடையோடு சுருங்கிக் கெடும். அதனால்தான் குளிரூட்டிய அறைகள் தேவை. காப்பகத்துக்கு வந்துவிட்டால் முழுப் பாதுகாப்பு என்றும் சொல்லிவிட முடியாது. 2003-ல், திரைப்படக் கல்லூரி வளாகத்தில் வைத்திருந்த காப்பகத்தின் நைட்ரேட் சுருள்கள் ஏராளமாகத் தீயில் கருகின.

அதே சமயம், காத்து வைத்ததற்குப் பலனும் கிடைத்திருக்கிறது. உதய்சங்கர் சென்னை ஜெமினி ஸ்டூடியோவில் எடுத்த 'கல்பனா' 1948-ல் வெளியானது. நாட்டியப் பேரொளி பத்மினி திரையில் அறிமுகமான படம். காப்பகத்தில் இருந்த பிரதியிலிருந்து புதுப்பிக்கப்பட்டு, 2012-ல் கான் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது. ஜெமினி ஸ்டூடியோ இன்று இல்லை. அங்கே ஆடிய ஆட்டம் இருக்கிறது.

ஆய்வாளர்களுக்கும் மாணவர்களுக்கும் அருமையான இடம் இது. போவதற்கு முன் நேரம், அனுமதி விவரங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். போக முடியாதவர்கள் ஒன்று செய்யலாம். அடுத்த முறை பரணைச் சுத்தம் செய்யும்போது பழைய பாட்டுப் புத்தகமோ, நோட்டீஸோ கிடைத்தால், பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஏதோ ஒரு படத்தின் கடைசி அடையாளமாக அது இருக்கலாம்.