காமயகவுண்டன்பட்டியில் கேட்ட உவமை

கம்பத்திலிருந்து காமயகவுண்டன்பட்டிக்குச் செல்லும் சாலை நீண்டதன்று. ஆயினும் அதை விரைந்து கடக்க எனக்கு மனம் வருவதில்லை. இருமருங்கும் வயல்கள், வயல் முடியுமிடத்தில் திராட்சைப் பந்தல்கள், அப்பால் தென்னந்தோப்புகள், எல்லாவற்றிற்கும் மேலே மேகம் போர்த்திய மலைத்தொடர். 1895-இல் முல்லைப் பெரியாறு அணை எழுந்தபின் மலைக்கு அப்பாலிருந்து திரும்பி வந்த நீர், இப்பள்ளத்தாக்கின் முகத்தையே மாற்றிவிட்டது. திராட்சையின் கதை அதற்கும் முந்தியது. 'பன்னீர்' எனப்படும் இந்தக் கருந்திராட்சையை 1832-இல் தமிழகத்துக்குக் கொணர்ந்தவர் பிரெஞ்சு நாட்டுக் குரு ஒருவர் என்பர். 2023-இல் 'கம்பம் பன்னீர் திராட்சை' புவிசார் குறியீடும் பெற்றது. ஒரு குருவானவர் திராட்சைக் கொடியைத் தேடியதன் காரணத்தை ஊகிக்க வாசகர்களுக்கு என் உதவி தேவையில்லை.

ஊரார் சுருக்கமாகக் கே.கே.பட்டி என்பர். காந்தியடிகளுக்குக் கோயில் கண்ட ஊர் இது. இப்பக்கத்துச் சந்தைகளில் சற்றே நின்று கேட்டால், தமிழோடு கன்னடமும் தெலுங்கும் காதில் விழும். குமுளி மலையிறங்கி வரும் மலையாளமும் கலந்துகொள்ளும். மொழி ஆராய்ச்சியாளர் ஒருவருக்கு இதைவிட நல்ல விருந்து கிடைப்பது அரிது.

நான் சென்றதும் ஒருவகையில் ஆராய்ச்சிக்காகத்தான். நம் மக்களுள் ஒரு மூதாட்டி அங்கே வாழ்கிறார். பெரிய வெள்ளியன்று தேவதாயின் வியாகுலத்தை நினைந்து பாடும் புலம்பல்கள் அவருக்கு மனப்பாடம். தம் தாயின் வாயிலிருந்து கற்றவை. எந்தப் புத்தகத்திலும் அவற்றை நான் கண்டதில்லை. முழங்கால் நோவினால் இரண்டாண்டுகளாக வீட்டை விட்டு வெளிவர இயலாதவர். அவர் குரலைக் கைப்பேசியில் பதிந்து வைக்கவேண்டும் என்று மூன்றாம் முறையாகப் போயிருந்தேன். முதல்முறை தொண்டை கட்டியிருந்தது. இரண்டாம்முறை வீடு நிறைய உறவினர்.

"எதுக்கு ஃபாதர் பாட்டியோட பாட்டு? இதை யாரு கேட்கப் போறாங்க?" என்றான் கல்லூரியில் படிக்கும் பேரன். நியாயமான கேள்வி. திண்ணையில் அமர்ந்து, நான் படித்தறிந்த செய்தியைச் சொன்னேன்.

அயர்லாந்தில் பிறந்த கிரியர்சன் என்பார் 1894-இல் இந்திய மொழிகளின் அளவாய்வைத் தொடங்கினார். அதன் தொகுதிகள் வெளிவந்து முடிய 1928 ஆயிற்று. ஒவ்வொரு மொழியிலும், கிளைமொழியிலும் ஒரே கதையைச் சொல்லச்செய்து ஒப்பிட விரும்பினார். அவர் தேர்ந்துகொண்ட கதை எது தெரியுமா? லூக்காஸ் நற்செய்தியின் பதினைந்தாம் அதிகாரத்தில் ஆண்டவர் கூறிய ஊதாரிப் பிள்ளையின் உவமை! பக்தியினால் அன்று. தன்மை, முன்னிலை, படர்க்கை மூன்றும் அதில் உள்ளன. வேற்றுமைகள் பெரும்பாலும் உள்ளன. இறந்தகாலம், நிகழ்காலம், எதிர்காலம் யாவும் உள்ளன. இந்தியர் மனம் புண்படாதபடி சிற்சில சொற்களை மட்டும் மாற்றினார். கொழுத்த கன்று என்னவாயிற்று என்று நான் விளக்கவேண்டுவதில்லை. ஏட்டில் எழுதியதோடு நில்லாமல், 1913 தொடங்கி ஏறக்குறைய 1929 வரை கிராமபோன் தட்டுகளிலும் மக்களின் குரல்கள் பதியப்பட்டன. மதராஸ் மாகாணத்து மொழிகளும் அவற்றுள் அடங்கும். இன்று அமெரிக்காவின் சிக்காகோ பல்கலைக்கழக நூலகம் இணையவழி அவற்றை எவரும் கேட்கச் செய்துள்ளது.

அதே காலத்தில் ஜெர்மனியிலும் இத்தகைய முயற்சி நடந்தது. முதல் உலகப் போரில் பிடிபட்ட வீரர்களைப் பல்வேறு முகாம்களில் அடைத்திருந்தனர். பெர்லினுக்குத் தெற்கே வூன்ஸ்டார்ஃப் என்னுமிடத்தில் இருந்த 'பிறைநிலா முகாமில்' இந்தியரும் இருந்தனர். 1915 முதல் 1918 வரை வில்ஹெல்ம் டேகன் என்பவரும் அறிஞர் குழுவினரும் கைதிகளை ஒலிவாங்கும் புனலின் முன் நிறுத்திப் பேசவும் பாடவும் வைத்தனர். பெயர், பிறந்த ஊர், மதம், தொழில் ஆகியவற்றைப் படிவத்தில் எழுதி, குரலின் தன்மையையும் குறித்துக்கொண்டனர். ஆங்கிலேயக் கைதிகள் பலருக்குப் படிக்கக் கொடுக்கப்பட்டதும் இந்த உவமையே. தூரதேசத்தில், முள்வேலிக்குள், தந்தையின் வீட்டை நினைத்துக்கொண்ட மகனின் கதையை அவர்கள் வாசித்தார்கள். கேட்டவர்களோ உயிரெழுத்தின் ஒலிப்பைக் கவனித்தார்கள். அத்தட்டுகள் இன்று பெர்லின் ஹும்போல்ட் பல்கலைக்கழகத்தின் ஒலிக்காப்பகத்தில் உள்ளன.

அவற்றுள் மால் சிங் என்னும் பஞ்சாபியரின் குரலும் ஒன்று. பதிந்த நாள் 1916 டிசம்பர் 11. 'நான்' என்று அவர் சொல்லவில்லை. யாரோ ஒருவனைப்பற்றிச் சொல்வதுபோல் பேசுகிறார். இந்துஸ்தானத்தில் வெண்ணெய் உண்டு வாழ்ந்த ஒருவன் போருக்கு வந்தான், பிடிபட்டான், ஊர் திரும்ப விழைகிறான். திரும்பினால் மீண்டும் அந்த உணவு கிடைக்கும்.

இதுவரை பேசாதிருந்த மூதாட்டி, "வெண்ணெய் தின்னு வளர்ந்த புள்ளையா!" என்றார். சற்றுப் பொறுத்து, "ஆரு பெத்த புள்ளையோ! அம்புட்டையும் கேட்டு எழுதிக்கிட்டவங்க, அவன வீட்டுக்கு அனுப்பி வச்சாங்களா சாமி?" என்று வினவினார்.

அனுப்பவில்லை என்றேன். போர் முடிய மேலும் இரண்டாண்டுகள் இருந்தன. 1917-இல் இந்தியக் கைதிகளுள் பெரும்பாலோரை ருமேனியாவுக்குக் கொண்டுசென்றனர். அம்முகாமுக்கு அருகே, சேரன்ஸ்டார்ஃப் கல்லறைத் தோட்டத்தில், 200-க்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் துயில்கின்றனர்.

"அப்ப, குரல் மட்டுந்தான் வேணுமின்னு வந்திருக்காக."

குற்றம் சாட்டும் தொனி அதில் சிறிதும் இல்லை. எனக்குத்தான் சுருக்கென்றது. பிறகு மெல்லக் கேட்டார்: "சாமி, கோபிச்சுக்கிறாதீக. மூணு தடவ வந்துட்டீக. நன்மை வாங்கி எனக்கு ரெண்டு வருசமாச்சு. வரும்போது கொண்டாந்திருக்கலாமுல்ல?"

முதல் வெள்ளிக்கிழமைகளில் நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டுசெல்வதற்கு ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன். அதில் அவர் பெயர் இல்லை. பட்டியலை எழுதியவன் நானே. அவருடைய புலம்பல்களுக்கென்று ஒரு குறிப்பேடு போட்டு, முதற்பக்கத்தில் அவர் பெயரையும் வயதையும் எழுதியிருந்தேன். அது சட்டைப்பையிலேயே இருந்தது.

மறுநாள் காலைப் பூசை முடிந்ததும் நன்மைப் பேழையுடன் அதே சாலையில் வந்தேன். பந்தல்களை அன்று பார்த்ததாக நினைவில்லை. வீடு மெழுகியிருந்தது, வெள்ளைத் துணி விரித்து இரண்டு மெழுகுதிரிகள் ஏற்றியிருந்தார்கள். பாவசங்கீர்த்தனம் செய்து, தேவ நன்மை வாங்கி, வெகுநேரம் கண்மூடியிருந்தார். புறப்பட எழுந்தேன்.

"ஒக்காருங்க சாமி. அந்தப் புனலைக் கொண்டாங்க, பாடுறேன்" என்றார். கைப்பேசியைத்தான் அவ்வாறு சொன்னார். ஒரு கண்டிப்பு மட்டும் உண்டு: தம் பெயரையும், பாட்டைச் சொல்லிக்கொடுத்த தம் தாயின் பெயரையும் முதலில் பதியவேண்டும். பேரன் அவ்வாறே சொல்லி முடித்தபின் தொடங்கினார். குரல் நடுங்கிற்று, ஆனால் அடி தவறவில்லை.

மூன்றாம் புலம்பலின் நடுவே தெருக்குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. மருமகள் குடத்தோடு ஓடினாள். அண்டை வீட்டார் கூச்சலில் பாட்டும் நின்றது. மீதியை வரும் முதல் வெள்ளியன்று பாடுவதாகச் சொல்லியிருக்கிறார், நன்மையோடு வந்தால்.